கடலோரத்தில் டிஸ்க் பிரேக் சைக்கிளை வீட்டிலேயே பராமரிக்க முடியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தில் வீடு, கடலுக்கு நடக்கிற தூரம். யாரோ ஓட்டிய மவுண்டன் பைக் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். பின் பிரேக் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறது. முன் பிரேக் லீவரைப் பிடித்தால் கைப்பிடியில் வந்து முட்டுகிறது. போல்ட் தலைகள் சிவந்துவிட்டன. பக்கத்துக் கடைக்காரர் டிஸ்க் வேலை பார்ப்பதில்லை என்கிறார், தெரிந்தவர் ஒருவர் சத்தத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். இதையெல்லாம் வீட்டிலேயே செய்ய முடியுமா, என்னென்ன கருவி வாங்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ‘சரி செய்தாலும் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறதே’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இந்த ஊரில் இப்படியொரு சைக்கிளை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்பது. முடியும். ராமநாதபுரத்தில் சைக்கிள் கடையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலையில் பாதிக்கு ஸ்பேனரே வேண்டாம், நல்ல தண்ணீரும் துணியும் போதும். அதற்கு முன்னால் ஒன்று, பிரேக் பக்கம் தேங்காய் எண்ணெயைக் கொண்டுபோகாதீர்கள். சத்தம் நிற்கும், பிரேக்கும் சேர்ந்து நிற்கும்.

நம் கரையில் தேய்ந்து போகிற சாமானைவிட உப்பில் செத்துப்போகிற சாமான்தான் அதிகம். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துருவின் காரணமாக 2022 டிசம்பரில் ரயில் போவதையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் உப்பைத் தாங்கும் தனி வகைப் பெயிண்ட்டும் போட வேண்டியிருந்தது. அதே காற்றில்தான் உங்கள் சைக்கிளும் நிற்கிறது. மழையில் நனையாத சைக்கிள் ஏன் துருப்பிடிக்கிறது என்று பலர் கேட்பார்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். சமையலறையில் கல்லுப்பு ஜாடி கசிகிறதே, அதே கதைதான் ஒவ்வொரு ராத்திரியும் உங்கள் செயின் மேலும் போல்ட் மேலும் நடக்கிறது. வாடைக்காற்றில் வடகடல் பக்கமும், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கமும் இது கூடுதல். தீவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் கடல், தப்ப வழியில்லை.

இதற்கு மருந்து கழுவுவதுதான், ஆனால் எந்தத் தண்ணீரில் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அதில் கழுவிய சைக்கிள் காய்ந்ததும் வெள்ளை படிந்து நிற்கும். கழுவாமல் விட்டதைவிட அது மோசம், ஏனென்றால் உப்பு போகாத இடுக்கிலெல்லாம் நாமே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக வாங்குகிற ஊரில் சைக்கிளுக்கு எங்கே போவது என்று கேட்டால், அரை வாளி போதும். துணியை நனைத்துப் பிழிந்து மேலிருந்து கீழாகத் துடையுங்கள், துணியை அலசி இன்னொரு முறை துடையுங்கள். காலிபருக்குள்ளும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) செயினிலும் டிஸ்க்கிலும் மட்டும் ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, காற்றோட்டமான நிழலில் நிறுத்துங்கள். வள்ளக்காரர்கள் அவுட்போர்டு இன்ஜினைக் கரைக்குக் கொண்டுவந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் காசு கொடுத்துக் கற்ற பாடம் அது, நமக்கு இலவசம். டூ வீலர் வாட்டர் சர்வீஸுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். அந்த வேகத்தில் அடிக்கிற தண்ணீர் ஹப்புக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் புகுந்து பால்ஸைத் துருப்பிடிக்க வைக்கும். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவதும் கூடாது, உள்ளே ஈரம் தங்கும். வீட்டுக்குள் ஒரு மூலை கிடைத்தால் அதைவிடச் சிறந்த பராமரிப்பு இல்லை. தனுஷ்கோடி போய்விட்டு வந்த நாளில் இந்தத் துடைப்பு கட்டாயம், சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை போதும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு மணலில் தள்ளிக்கொண்டு போகிற கஷ்டம் போய்விட்டது, ஆனால் சாலை மேலேயே மணல் வந்து படுத்துக்கிடக்கிறது. படம் எடுக்க அலைக்குள் சக்கரத்தை இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், அது தனி.

சரி, பிரேக்குக்கு வருவோம். உங்கள் கேள்வியில் ஒரு தகவல் இல்லை: அது ஒயர் டிஸ்க்கா, ஆயில் டிஸ்க்கா? லீவரிலிருந்து இரும்பு ஒயர் போய் காலிபரில் ஒரு கையை இழுத்தால் ஒயர் வகை. லீவர் பக்கத்தில் சின்னப் பெட்டி போல ஒரு மூடி இருந்து, தடித்த கருப்பு ஹோஸ் நேராகக் காலிபருக்குள் நுழைந்தால் ஆயில் வகை. விலை குறைந்த சைக்கிள்களில் பெரும்பாலும் ஒயர்தான் வரும், அதனால் உங்களுடையதும் அதுவாக இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் பொதுவான வேலையை முதலில் சொல்கிறேன்.

பின் பிரேக் மட்டும் கத்துகிறது என்றால் என் முதல் சந்தேகம் எண்ணெய். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போதோ மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்க்கும்போதோ துளி தெறித்துப் பின் டிஸ்க்கில் விழும். முன் சக்கரத்துக்கு அந்த ஆபத்து குறைவு. முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே எதையாவது ஊற்றியும் இருக்கலாம். டிஸ்க்கைச் சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். இதற்கு எங்கும் அலைய வேண்டாம், செல்போன் ரிப்பேர் கடையில் போர்டு கழுவ வைத்திருப்பது அதுதான், ஐபிஏ என்று கேளுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். மருந்துக் கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டும் வேண்டாம், சில தயாரிப்புகளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். புதுத் துணியில் ஐபிஏ தொட்டு, டிஸ்க்கின் இரண்டு முகத்தையும் துணியில் கருப்பு வராத வரை துடையுங்கள். அதன்பின் வெறும் விரலால் தொடாதீர்கள், விரல் எண்ணெயும் எண்ணெய்தான். சக்கரம் சுழலும்போது டிஸ்க் பக்கம் கை போகவே கூடாது, அந்த ஓட்டைகள் விரலை வெட்டிவிடும்.

அப்புறம் பேடை, அதாவது காலிபருக்குள் டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டையை, கழற்றிப் பாருங்கள். பிளந்த ஊசிப் பின்னோ சின்னத் திருகோ பிடித்திருக்கும், அதை எடுத்தால் பேடு வந்துவிடும். நம் ஊரில் இந்தப் பின்னே துருவில் இறுகிப்போய்க் கிடக்கும். ஊடுருவும் எண்ணெய் அடிக்கத் தோன்றும், அடித்தால் பேடு போய்விடும். பேடு எப்படியும் மாற்றப்போகிறது என்றால் மட்டும் ஒரு சொட்டு விடலாம், அப்போதும் டிஸ்க்கில் படாமலிருக்கச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பேடின் உரசும் முகம் கண்ணாடி போல மினுமினுத்தால் சூட்டில் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். சமமான இடத்தில் உப்புத்தாளை வைத்து, அதன்மேல் பேடை எட்டு போடுகிற மாதிரி தேய்த்தால் மங்கலான புது முகம் வரும். உரசும் பொருளின் தடிமன் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தேய்க்காமல் தூக்கிப்போடுங்கள். கடலோரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உரசும் பொருளை ஒட்டியிருக்கும் இரும்புத் தகடு துருப்பிடித்து, அந்தத் துரு உப்பி, பொருளையே தகட்டிலிருந்து பிளந்து தள்ளும். பேடு தடிமனாகத்தான் இருக்கும், ஆனால் ஓரத்தில் முடி போல விரிசல் தெரியும். நகத்தை விட்டுப் பாருங்கள், இடம் கொடுத்தால் அந்தப் பேடை ஒரு நாள்கூட நம்பக் கூடாது. தேய்மானத்தை மட்டும் பார்த்துப் பழகிய உள்ளூர் மெக்கானிக்குகள் இதைக் கவனிப்பதில்லை.

எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முடியுமா என்பதில் வேலை தெரிந்தவர்களே ஒத்துப்போக மாட்டார்கள். கேஸ் அடுப்பில் காட்டி எண்ணெயை எரித்துவிடலாம் என்பார்கள் சிலர், ஐபிஏ-யில் ஊறவைத்தால் போதும் என்பார்கள் சிலர். சில நேரம் ஒரு வாரம் நன்றாகப் பிடிக்கும், பிறகு சூடேறும்போது உள்ளே மிச்சமிருப்பது மேலே வந்து மறுபடி கத்தும். அடுப்பில் காட்டினால் ஒட்டுப்பசை விட்டுப்போகும் அபாயமும் உண்டு. நான் காட்டுவதில்லை, புதுசு போட்டுவிடுவேன். பேடு பெரிய செலவில்லை. வாங்கப் போகும்போது பழைய பேடைக் கையோடு எடுத்துப்போங்கள், அல்லது ஆன்லைனில் படத்தோடு வடிவத்தை ஒத்துப்பாருங்கள். ஒரே கம்பெனியிலேயே பல வடிவம் உண்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாது. விடியற்காலையில் பனி ஈரத்தில் இரண்டு மூன்று பிடிக்கு மட்டும் கத்திவிட்டு அடங்குகிற பிரேக்குக்கு எதுவும் செய்யத் தேவையில்லை, அது இயல்பு. டிஸ்க்கில் லேசாகப் படியும் செம்மையும் அப்படித்தான், ரெண்டு முறை பிடித்தால் பேடே சுரண்டிவிடும்.

பேடில் ரெசின், மெட்டல் என்று இரண்டு வகை கேட்பீர்கள். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிடித்துச் சூடேறுகிறவர்களுக்காகத்தான் மெட்டல் பேடு பேசப்படுகிறது. பெயர்தான் மவுண்டன் பைக், ராமேசுவரத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது கந்தமாதன பர்வதம் ஒன்றுதான், அதுவும் ஒரு மேடு. இறக்கம் என்று உருப்படியாக இருப்பது பாம்பன் சாலைப் பாலம். ஆகவே சூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பெரிய டிஸ்க்குக்கும் காசு போடாதீர்கள். ஆனால் மணலும் ஈரமும் ரெசின் பேடைச் சீக்கிரம் தின்றுவிடும், மெட்டல் தாங்கும், கொஞ்சம் சத்தம் போடும். மணல் பக்கம் போவது அரிது என்றால் ரெசின், வாராவாரம் தனுஷ்கோடி என்றால் மெட்டல். ஒரே நிபந்தனை: உங்கள் டிஸ்க்கில் ‘ரெசின் பேடு ஒன்லி’ என்று பொறித்திருந்தால் மெட்டல் போடக் கூடாது, டிஸ்க் அதைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியானதல்ல. மலிவான டிஸ்க்குகளில் இந்த எழுத்து அடிக்கடி இருக்கும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமனும் எழுதியிருப்பார்கள். ஷிமானோ கம்பெனி டிஸ்க்கில் புதுசு 1.8 மில்லிமீட்டர், 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். வெர்னியர் இல்லையென்றால் எந்த லேத் பட்டறையிலும் அளந்து தருவார்கள்.

இனி கைப்பிடியில் முட்டுகிற முன் லீவர். ஒயர் வகையாக இருந்தால் இது முழுக்க உங்களால் சரி செய்யக்கூடியது. பேடு தேயத் தேய எல்லாரும் ஒயரை மேலும் மேலும் இழுத்துக் கட்டுவார்கள். அப்படிச் செய்யும்போது காலிபரில் இருக்கும் கை, பிரேக் பிடிக்காத நேரத்திலேயே பாதி தூரம் நகர்ந்து நிற்கும். மிச்சத் தூரத்தில் அதற்கு நெம்பும் சக்தி இருக்காது. சரியான முறை இது: ஒயரைத் தளர்த்தி அந்தக் கையை முழுக்கப் பின்னால் போகவிடுங்கள். பெரும்பாலான ஒயர் காலிபரில் வெளிப்பக்கப் பேடு மட்டும்தான் நகரும், போக்ஸ் கம்பிப் பக்கம் இருக்கும் பேடு நகராது. அந்த உள்பக்கப் பேடுக்கென்று தனியாக ஒரு திருகு குமிழோ அலன் கீ போடும் துளையோ இருக்கும். அதைத் திருகி, டிஸ்க்கை உரசாமல் ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். இனி ஒயரைத் தொய்வில்லாமல் கட்டி, லீவர் பக்கத்துத் திருகில் நுணுக்கமாகச் சரி செய்யுங்கள். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க் லேசாக உள்பக்கம் வளைவது இந்த வகையில் இயல்பு. காலிபரே கோணலாக உட்கார்ந்திருந்தால் அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, லீவரை இறுக்கப் பிடித்தபடி இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஆயில் வகைக்கும் இதே வித்தைதான். முறுக்கும் அளவு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். அளவுக் கருவி இல்லையென்றால் சாதாரண எல் வடிவ கீயில் மணிக்கட்டு பலம் போதும், உடம்பைச் சாய்த்து முறுக்காதீர்கள், அலுமினிய மரை உரிந்துவிடும்.

ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கரையில் ஒயர் அறுவதைவிட அவுட்டருக்குள் (ஒயர் ஓடும் வெளி உறை) துருப்பிடித்துச் சிக்குவது அதிகம். லீவரை விட்டபின் திரும்பி வராமல் சோம்பலாக நின்றால் அதுதான். எண்ணெய் விட்டு இழுத்தால் ஒரு வாரம் ஓடும், பிறகு அந்த எண்ணெயோடு மணலும் சேர்ந்து அரைக்கும். இன்னர், அவுட்டர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இன்னர் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் கியர் அவுட்டரின் உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக்கின் இழுவையில் அது வெடித்துப் பிரிந்துவிடும். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், வெட்டுவாயைப் பார்த்தாலே தெரியும். வெட்டுவதற்கு மட்டும் உள்ளூர்க் கடைக்குக் கொண்டுபோங்கள், வீட்டுக் கட்டிங் பிளேயரில் ஒயர் நுனி பிரிந்து தொல்லை கொடுக்கும்.

ஆயில் வகையாக இருந்தால் கதை வேறு. லீவர் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று. நான்கைந்து தடவை வேகமாகப் பம்ப் செய்தால் கெட்டியாகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி தளர்கிறது என்றாலும் காற்றுதான். பிடித்துக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது அல்லது உள் சீல் போய்விட்டது. இந்த மூன்றாவதை வீட்டில் தொடாதீர்கள், நானும் லீவரைப் பிரித்து சீல் மாற்றுவதில்லை, முழு செட்டாக மாற்றிவிடுவேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்ப்பது நம் எல்லாருக்கும் பழக்கம். ஆயில் பிரேக்கில், மேல் பெட்டியில் கொஞ்சம் காற்று இருந்தாலும் கவிழ்த்ததும் அது ஹோஸுக்குப் போய்விடும். நிமிர்த்திச் சிறிது நேரம் வைத்து, லீவரைப் பலமுறை பிடித்து விட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். ராத்திரி முழுக்க லீவரை ரப்பர் பேண்டால் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்பார்களே, அது சில சைக்கிளில் பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன், சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை, ஆனால் காற்று புகுந்த வழி அப்படியேதான் இருக்கும்.

ஆயில் மாற்றுவதை நிதானமாகக் கற்றால் வீட்டில் செய்யலாம், அந்தந்தக் கம்பெனிக்கான சிரிஞ்ச், புனல் கிட் வாங்கினால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் தவறு நடக்கக் கூடாது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா போன்றவற்றில் மினரல் ஆயில். ஸ்ராமின் பழைய மாடல்கள், ஹேய்ஸ், ஹோப் போன்றவற்றில் டாட் (DOT) ஆயில். இரண்டுக்கும் சீல் ரப்பர் வேறு வேறு. ஒன்றில் இன்னொன்றை ஊற்றினால் சீல் உப்பியோ கரைந்தோ போய்விடும், பிறகு கழுவினாலும் மீளாது. டூ வீலர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் கையில் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4 தான். நல்ல மனதோடு அதை ஊற்றிக் கொடுப்பார், சைக்கிள் பிரேக் செத்துவிடும். இப்படி வந்த சைக்கிள்கள் ஒன்றிரண்டு இல்லை. லீவர் மூடியில் எந்த ஆயில் என்று பொறித்திருக்கும், அதைப் பார்க்காமல் யாரையும் தொடவிடாதீர்கள். டாட் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4-ன் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் குடித்தபின் 155 வரை இறங்கும். நம் சமதளத்தில் அந்தச் சூடு வராது, ஆனால் ஈரம் உள்ளே துருவையும் கொண்டுவரும், ஆகவே வருடம் ஒருமுறை மாற்றுவது நல்லது. திறந்து வைத்த டாட் புட்டியை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். மினரல் ஆயில் ஈரம் குடிக்காது. அதற்குப் பதில் பேபி ஆயில், தையல் மெஷின் எண்ணெய் என்று சொல்கிறார்கள். அவையும் மினரல் எண்ணெய்தான், உடனே எதுவும் கெடாமலும் இருக்கலாம், ஆனால் குழகுழப்பு அளவு வேறு, சீல் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பிரேக்கில் இந்தச் சோதனை எதற்கு?

ஆயில் காலிபரில் உப்பு செய்யும் இன்னொரு வேலை, பிஸ்டன் ஓரத்தில் படிந்து அதைத் திரும்பப் போகவிடாமல் பிடித்துக்கொள்வது. ஒரு பக்கப் பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருந்தால் அதுதான். பேடுகளை எடுத்துவிட்டு லீவரை மெல்ல ஒரு முறை பிடித்துப் பிஸ்டனை இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளியே வரச் செய்து, ஓரத்தை ஐபிஏ தொட்ட துணி நுனியால் துடைத்து, அந்த பிரேக்கின் ஆயிலையே ஒரு சொட்டு தடவி, மிச்சத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் டயர் லீவரால் நேராக உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தள்ளினால் பிஸ்டன் உடையும். பேடும் இல்லாமல் சக்கரமும் இல்லாமல் லீவரை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டே இருந்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இடையில் மடித்த அட்டையைச் செருகி வையுங்கள்.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவந்த போல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் போட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பார்கள். போல்ட் பிழைக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் போகும். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்புக்குப் பலவீனமான உலோகம் அரிக்கப்படும், ஸ்டெயின்லெஸ் பக்கத்தில் அலுமினியம்தான் பலவீனமானது. ஆகவே எந்த போல்ட்டையும் வறண்ட மரையில் முறுக்காதீர்கள். படகு இன்ஜின் சாமான் விற்கிற கடையில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் கேட்டு வாங்கி மரையில் பூசிவிட்டு முறுக்குங்கள். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் ஆறு திருகுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், மரைப்பசை (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சீட் தண்டை வருடம் இரண்டு முறை வெளியே உருவித் துடைத்து கிரீஸ் பூசிச் செருகுங்கள். ஃபிரேமோடு ஒட்டிப்போன சீட் தண்டை எடுக்க முடியாமல் ஃபிரேமையே வெட்டிய கதை இந்த ஊரில் உண்டு. பெடல் கழற்றும்போது இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பது நினைவிருக்கட்டும். செயினுக்கு எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு கணுவிலும், பிறகு வெளியே தெரிகிற எண்ணெய் முழுக்கத் துடைப்பு, இல்லையென்றால் மணல் ஒட்டி உப்புத்தாள் ஆகிவிடும். செயின் தேய்மானத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலிலேயே பார்க்கலாம். ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 அங்குலம் அளந்தால் இன்னொரு பின்னின் நடு சரியாக வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி வந்தால் செயின் மாற்றம். 1/8 வரை விட்டால் ஃப்ரீவீலும் சேர்ந்து போயிருக்கும்.

கருவி என்று கேட்டீர்கள். 4, 5, 6 அளவு அலன் கீ, டிஸ்க் திருகுக்கு நட்சத்திர முனையுள்ள டி25 கீ, பழைய டூத் பிரஷ், உப்புத்தாள், ஐபிஏ, கிரீஸ். இதற்கு மேல் இப்போது வாங்காதீர்கள். கீ செட் மட்டும் மலிவானதாக வேண்டாம், மழுங்கிய கீ போல்ட் தலையைத் தின்றுவிடும். கருவியும் துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியில் சுற்றி டப்பாவில் போடுங்கள், ஆனால் அந்தத் துணியைப் பிரேக் பக்கம் கொண்டுவராதீர்கள்.

புதுப் பேடு போட்டதும் பிடிக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். போக்குவரத்து இல்லாத தெருவில் நல்ல வேகத்தில் போய், நிற்காமல் நடை வேகத்துக்கு வரும்வரை பிரேக்கைப் பிடியுங்கள், இப்படி ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு இருபது தடவை. பேடின் மெல்லிய படிவு டிஸ்க்கில் ஒட்டிய பிறகுதான் முழு பலம் வரும். அதன் பிறகு பாலத்துப் பக்கம் போங்கள், அங்கே பக்கவாட்டுக் காற்றும் பஸ்ஸும் சேர்ந்து வரும். வலது கை லீவர் முன் பிரேக்குக்குத்தான் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய சைக்கிளில் யாராவது மாற்றிக் கட்டியிருக்கலாம். முதல் வேலையாக அந்த முன் லீவரின் மூடியையும் காலிபரையும் பார்த்து, ஒயரா ஆயிலா, ஆயில் என்றால் என்ன எழுதியிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். அதைப் பார்த்தபின் எந்தப் பேடு, எந்த ஆயில் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.